வேட்டும் கோலியும்

1

இசக்கி, துரை, நீங்கள் இரண்டு பேரும் இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். துரைக்கு ‘ற’வும் ‘ர’வும் ஒன்றுதான். இசக்கி பரவாயில்லை, ஆனாலும் பாதிப் பக்கத்தில் கொட்டாவி விடுவாள். படியுங்கள். போனில் பேசி அனுப்பியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் நோட்டில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது என்று நம் ஊர்ச் சங்கத்தில் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தாதரில் ரயில் இறங்கியது, தாராவியில் ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்தது, இந்தி தெரியாமல் ‘பானி’ என்றால் பன்னி என்று நினைத்தது, இப்படி இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போதே, இதை யார் யார் படிப்பார்கள், யார் எதை எங்கே கொண்டு போய்க் கொடுப்பார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. கிழித்துப் போட்டேன். அந்த நோட்டில் மீதியிருந்த பக்கம்தான் இது.

நான் வீட்டுக்கு வந்ததும் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடுவதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். “என்னப்பா, போன சோறாக்கப் போறீங்களா?” என்று துரை கேட்டான். “தகரத்துக்குள்ள இருந்தா காது கேக்காதுலே” என்றேன். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அரிசி அளக்கையில கரண்டி போன்ல இடிக்கி. அதுக்குத் தனியா ஒரு டப்பா வாங்குங்க” என்றாள்.

2

என் சோலி உங்களுக்குத் தெரியும். செம்பூர் தாண்டி ஒரு அரசாங்கக் குடியிருப்பில் குழாய் ரிப்பேர். நான் அரசாங்க ஆள் இல்லை. கான்ட்ராக்டரின் ஆள். கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும், கழுத்தில் பாஸ் மாட்ட வேண்டும். அந்தப் பாஸ் இருப்பதால்தான் மாதம் முழுக்க வேலை. அது இல்லாதவர்கள் காலையில் நாக்காவில், அந்தத் தெருமுனைச் சந்தியில், பையோடு நின்று, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்க்க வேண்டும். பத்து வருஷம் அப்படி நின்றவன் நான். இசக்கி பிறந்த வருஷம்தான் பாஸ் கிடைத்தது.

பாஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணைக் காகிதம், ஆதார் நகல், இரண்டு போட்டோ. சுடலைமுத்து என்ற என் பெயரை முதல் வருஷமே ‘சுடாலி மட்டு’ என்று அடித்துவிட்டார்கள். திருத்தச் சொன்னால், திருத்துவதற்கு இன்னொரு விசாரணை வேண்டும் என்றார்கள். பதினெட்டு வருஷமாக நான் அந்தக் கேட்டுக்குள் மட்டுதான்.

இந்தத் தடவை என் காகிதம் மட்டும் திரும்பி வந்தது. கான்ட்ராக்டரின் முகாதம், நம் ஊர்ப் பேச்சில் மேஸ்திரி, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, உன்னை ஒரு ஆபீஸில் வரச் சொல்கிறார்கள்” என்றார். எதற்கு என்று கேட்டேன். “எனக்கு என்ன தெரியும்?” என்றார். அவர் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாராவது என் கண்ணைப் பார்க்காமல் பேசினால் அதை மனசில் எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

3

எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். இரண்டாவது மாடி. மேஜைக்குப் பின்னால் ஒரு சாகேப், சீருடை கிடையாது. நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார், டீ சொன்னார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தார்.

“வேட்டு மத்லப் க்யா?”

வேட்டு என்றால் என்ன என்று கேட்கிறார் என்பதே எனக்கு முதலில் புரியவில்லை. அவர் வாயில் அந்தச் சொல் ‘வெட்டூ’ என்று நீளமாக வந்தது. பிறகு காகிதத்தில் இருந்ததை இந்தியில் வரிசையாகச் சொன்னார். வெடி இந்த முறை பலமாக இருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் வரை கேட்க வேண்டும். சாமானுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். மேற்கிலிருந்து மூன்று தலைகள் வருகின்றன. அவற்றை வெட்டிய பிறகு வெடியுங்கள்.

அது என் பேச்சு. நம் ஊர் மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக வைத்திருக்கும் வாட்ஸப் குரூப்பில் நான் பேசி அனுப்பியது. நான் சொன்னது இதுதான்:

“ஏலே மக்கா, இந்தத் தடவ வேட்டு சும்மா அதிரணும் பாத்துக்கோ. டவுன் போலீஸ் டேசன் வரைக்கும் கேக்கணும். சாமானுக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன். மேக்க இருந்து மூணு தல வருது. அத வெட்டிட்டு வேட்டப் போடுங்க. போன வருசம் மாதிரி புஸ்ஸுன்னு போச்சுன்னா மாடன் என்னயத்தான் கேப்பான்.”

“சாகேப், வேட்டு என்றால் பட்டாசு. கோயில் திருவிழா. தலை என்றால் ஆட்டுக் கிடா. பக்ரா, பக்ரா” என்றேன். அவசரத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக் கொம்பு காட்டினேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

“மாடன் யார்? அவன் உன்னை ஏன் கேட்பான்?”

“மாடன் சாமி, சாகேப்.”

“எந்தச் சாமி? முழுப் பெயர் என்ன?”

அவர் பேனாவை எடுத்து ‘மாடன்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு, தமிழ் தெரிந்தவர் சொல்லட்டும் என்று கீழ் மாடியிலிருந்து ஒரு கிளார்க்கை வரவழைத்தார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிறவராம். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் இரண்டு பேனா. தமிழ் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

“நீங்க திருநெல்வேலிப் பக்கமா? கொடைன்னா என்ன? டொனேஷனா?” என்று கேட்டார்.

“இல்ல சார், எங்க சாமிக்கு எடுக்க விழா. ராத்திரி வேட்டு போடுவோம்.”

“எங்காத்துல யாரும் வேட்டுன்னு சொல்லமாட்டா. வெடின்னுதான் சொல்லுவா.” கொஞ்சம் யோசித்தார். பிறகு சாகேப்பிடம் திரும்பி, நேர்மையான மனுஷன் என்பதால், தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேட்டு என்றால் வெடி என்பது சரிதானாம். இன்னொரு அர்த்தமும் உண்டாம். ‘வேட்டு வைக்கிறது’ என்றால் ஒருத்தனைக் கவிழ்க்கிறது, வேலையிலிருந்து தூக்குகிறது.

சாகேப் அதையும் எழுதிக்கொண்டார்.

“சார், எனக்கே இப்ப நீங்க வேட்டு வச்சுட்டீகளே” என்று வாய்தவறி வந்துவிட்டது. கிளார்க்குக்கு முகம் சிவந்துவிட்டது. சாகேப், என்ன சொல்கிறான் என்று கேட்டார். கிளார்க் ஒன்றுமில்லை என்றார். அந்த ஒரு பொய்க்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

எழுந்திருக்கும் முன் தைரியத்தை வரவழைத்து, “சாகேப், இது எங்கள் வீட்டுப் பேச்சு. உங்களுக்கு எப்படி வந்தது?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “சுபானேகா குச் நஹீ, தோ டர்னா காய்கோ?” மறைக்க ஒன்றும் இல்லை என்றால் பயம் எதற்கு என்றார். தகவல் பிறகு வரும், போகலாம் என்றார்.

டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். இறங்கும்போது அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று அப்போது நினைவு வரவில்லை.

4

பாஸ் இல்லாமல் ஏழு வாரம். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடத்தின் வாட்ச்மேன் தெரிந்தவர் என்பதால், அங்கே பம்ப் ரூமில் தொட்டி, வால்வு வேலை கிடைத்தது. உங்களிடம் “குவார்ட்டர்ஸ்ல வேல கம்மி” என்று சொன்னேன். ஆபீஸுக்குப் போனதை இரண்டாவது வாரம்தான் சொன்னேன்.

அப்போது துரை வாட்ஸப்பில் மேலே இருக்கிற மஞ்சள் கட்டத்தைக் காட்டினான். “அப்பா, இங்க எழுதிருக்கு பாருங்க. அனுப்புறவன், வாங்குறவன், வேற யாரும் கேக்க முடியாது. லாக் இருக்கு.” நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கு அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது. நடுவில் யாரும் கேட்கவில்லை என்றால், குரூப்பில் இருக்கிற நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தன் கொடுத்திருக்கிறான். அல்லது துரை சொல்வது தப்பு, நடுவில் ஆள் இருக்கிறான். இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அரசாங்கம் கேட்டால் அரசாங்கத்தைத் திட்டலாம். சொந்தக்காரன் கொடுத்திருந்தால்?

நாற்பத்திரண்டு பெயரையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். யாருக்கு என் பாஸ் மேல் கண், எவன் மகனுக்கு வேலை இல்லை, போன கொடையில் யாரோடு தகராறு. கடைசியில் மாசானத்தில் வந்து நின்றேன். என் பெரியப்பா மகன், சுனாபட்டியில் இருக்கிறான், அவனுக்கும் குழாய் வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவன் வாசலில் நின்றேன்.

“ஏலே மாசானம், என் பேச்ச எவன்ட்டலே குடுத்த?”

அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பிரஷை எடுக்காமலே என்னைப் பார்த்தான். துப்பிவிட்டு வந்து, “நான் ஒன்ட்டக் கேக்கணும்னு ஒரு மாசமா இருக்கேன்” என்றான்.

“என்னத்த?”

“என்னயும் கூப்ட்டாவ. மாடன் யாருன்னு கேட்டாவ. நீதான் மாட்டி விட்டன்னு நான் நெனச்சேன்.”

“மாடன் யாருன்னதுக்கு நீ என்னலே சொன்ன?” என்று கேட்டேன்.

“என் பெரிய தாத்தான்னு சொல்லிட்டேன். அட்ரஸ் கேட்டாவ. ஆத்தங்கர ஆலமரம்னேன்.”

சிரித்தோம், காபி குடித்தோம். ஆனாலும் கிளம்பும்போது அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் பார்வையிலும் இருந்திருக்கும். அவன் சொன்னது நிஜமா, சமாளிப்பா என்று ரயிலில் வரும்போது மறுபடியும் யோசித்தேன். இன்றைக்கும் முழுசாகத் தெரியாது.

குரூப் என்ன ஆனது தெரியுமா? எங்கள் இரண்டு பேர் கதையும் பரவியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். காலை வணக்கம், முருகன் படம், அவ்வளவுதான். கொடை நெருங்கியதும் பேசாமல் முடியாதே. வேட்டு என்ற சொல்லை விட்டுவிட்டுப் ‘பூ’ என்று எழுத ஆரம்பித்தார்கள். “அண்ணாச்சி, பூ பத்தாயிரம் வாலாவா, அஞ்சாயிரமா?” “பூவ நனையாம வைங்க.” “போன வருசம் பூ கைய சுட்டுட்டு, பைய பாத்துப் போடுங்க.” முன்னால் நாங்கள் பேசியது திருவிழாப் பேச்சு. இப்போது பேசுவதை யாராவது கேட்டால், நிஜமாகவே ஏதோ திட்டம் போடுகிற கூட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

பிறகு ஒரு நாள் பாஸ் வந்தது. ஏன் நிறுத்தினார்கள், ஏன் கொடுத்தார்கள், ஒரு வரி கிடையாது. சுடாலி மட்டு என்றேதான் இருந்தது. கேட்டில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கினேன். போன் பெட்டிக்குள் போவதை இப்போது நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இருக்கிற வரைக்கும் சந்தேகம் இருக்கும் போல.

5

பாஸ் வந்தது வரைக்கும் எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை. பாஸ் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். அதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். இது இசக்கிக்கு.

இசக்கி, நீ காலேஜில் சேர்ந்த மாதம், அங்கே உன்னை இஷா என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. நாங்கள் வைத்த பெயரைப் பாதி வெட்டி எறிந்துவிட்டாளே என்று பயந்தேன். உன் போனைக் கேட்டேன், நீ கொடுக்கவில்லை. “மறைக்க ஒண்ணுமில்லன்னா போனக் காட்ட என்னட்டி?” என்று கத்தினேன். ஆமாம். அந்தச் சாகேப் சொன்னதை நான் முதலில் கேட்டது என் வாயிலிருந்துதான்.

நீ குளிக்கப் போனபோது உன் வாட்ஸப்பை என் பழைய போனோடு சேர்த்துவிட்டேன். தொண்ணூறடி ரோட்டில் போன் ரிப்பேர் கடைக்காரர் எப்படி என்று சொல்லிக் கொடுத்திருந்தார். உனக்கு வருவது எல்லாம் எனக்கும் வந்தது. பழைய போன் என் பழுப்புச் சாமான் பைக்குள், ஸ்பேனருக்குக் கீழே இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் படித்தேன். நீங்கள் இங்கிலீஷ் எழுத்தில் இந்தியை எழுதுகிறீர்கள், நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பேன். நீங்கள் தமிழ் படிக்கிற மாதிரியேதான். பாதுகாப்புக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாஸ் இல்லாத நாட்களில் ஒரு மத்தியானம் பம்ப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். உன் சிநேகிதிக்கு எழுதியிருந்தாய்: “ஆஜ் சுபே அப்பா கோ கோலி தே தீ. அப் டென்ஷன் நஹீ.” பக்கத்தில் சிரிக்கிற பொம்மை.

இன்று காலையில் அப்பாவுக்குக் கோலி கொடுத்துவிட்டேன், இனிமேல் டென்ஷன் இல்லை.

கோலி என்றால் இந்த ஊரில் மாத்திரை. என் பிரஷர் மாத்திரையை தினம் காலையில் டீயோடு கொண்டு வந்து தருகிறவள் நீ. அதை ஏன் சிநேகிதிக்கு எழுத வேண்டும்? எதற்குச் சிரிப்பு? இரண்டு நாளாக எனக்கு வேறு ஒரே அசதியாக இருந்தது. நாற்பத்திரண்டு பேரைச் சந்தேகப்பட்டுப் பழகிய மனசுக்கு நாற்பத்து மூன்றாவது ஆள் கஷ்டமாக இல்லை.

மறுநாளிலிருந்து நீ தந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, டீயைக் குடிக்கிற மாதிரி குடித்து, வாசலுக்கு வந்து சட்டைப் பையில் துப்பினேன். பன்னிரண்டு நாள். நீ கொடுத்த டீயையும் பாதி சாக்கடையில் ஊற்றினேன். என்னைப் பார்த்து, “டீ நல்லால்லையாப்பா? சக்கர கம்மியா?” என்று கேட்டாய். நான் உன் கண்ணைப் பார்க்காமல் “நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

பன்னிரண்டாவது நாள் பம்ப் ரூமில் தலை சுற்றி வால்வு மேலேயே சாய்ந்துவிட்டேன். வாட்ச்மேன் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டு போனார். நம் தெருமுனை டாக்டர், மராத்திக்காரர். பட்டையைக் கையில் கட்டி அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

“கோலி சாப்பிடுகிறாயா?”

“தினம் சாப்பிடுகிறேன், டாக்டர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அண்ணா, கோலி காதா ஹை, கி கோலி தேதா ஹை?”

கோலி தின்கிறாயா, கோலி கொடுக்கிறாயா?

கோலி கொடுக்கிறது என்றால் இந்த ஊரில் கதை விடுகிறது, ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறது. நாக்காவில் பத்து வருஷம் கேட்ட பேச்சு. முகாதமும் கான்ட்ராக்டரும் எங்களுக்கு வாரா வாரம் கொடுத்த கோலி. காதால் கேட்டிருந்தால் நானும் அந்த டாக்டர் மாதிரி சிரித்திருப்பேன். திருட்டுத்தனமாகக் கண்ணால் படித்ததால், மேஜைக்குப் பின்னால் காகிதத்தை வைத்துக்கொண்டு வேட்டுக்கு அர்த்தம் கேட்டவர் மாதிரி ஆகிவிட்டேன். அவராவது எதிரில் உட்கார வைத்துக் கேட்டார். நான் உன்னை அதுகூடக் கேட்கவில்லை.

நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில் நீ, “சனிக்கிழம எக்ஸ்ட்ரா கிளாஸ் இருக்குப்பா” என்று சொன்னாய். அதுதான் நீ எனக்குக் கொடுத்த கோலி. அந்தச் சனிக்கிழமை எங்கே போனாய், யாரோடு போனாய் என்று எனக்குத் தெரியாது. ஏழு மணிக்குச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாய், வந்ததும் எனக்கு டீ போட்டாய். நான் அதைக் கொட்டினேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் நான் கேட்கப் போவதில்லை. சொல்லத் தோன்றினால் சொல்லு.

மறுநாள் வேலைக்குப் போக வேண்டாம் என்று அம்மா சொன்னாள். போனேன். பம்ப் ரூமில் யாரும் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பைக்குள்ளிருந்து பழைய போனை எடுத்தேன். திறந்ததுமே உனக்குப் புதிதாக இரண்டு வந்திருந்தன. இடது உள்ளங்கையை விரித்து அவற்றின் மேல் வைத்து மறைத்துக்கொண்டேன். மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளி மட்டும் தெரிகிற மாதிரி. கடைக்காரர் சேர்க்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், பிரிக்கச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, ‘லாக் அவுட்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. மறுபடியும் அழுத்தினேன். கையை எடுத்தபோது திரை வெள்ளையாக இருந்தது.

பிறகு சட்டைப் பையைத் தடவினேன். அன்று காலையில் நீ காகிதத்தில் மடித்துக் கொடுத்த கோலி இருந்தது. பம்பு முனையில் ஒழுகிய தண்ணீரைக் கையில் பிடித்து விழுங்கினேன்.